நார்மலுக்கு மூலைமட்டம் வைத்தவள்

என் நாத்தனாரின் இடது கண் நார்மல் இல்லை என்று அவளுடைய ஐம்பத்து நாலாவது வயதில் ஒரு காகிதம் சொன்னது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷமாக அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவளை எழுப்பப் பார்த்தார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதப்படுகிறது. இடையில் புகுந்து அழகுபடுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. வந்த அன்றைக்கே என் துணிப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாலாவது மனசுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பார்த்தது மூடியை. நாலு பக்கமும் தடவிவிட்டு, "அண்ணி, உங்க பெட்டி கோணல்" என்றாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பிறகு பிடித்துப்போய்விட்டது, அதற்கு ஏழு வருஷம் ஆயிற்று. பெட்டி கோணல்தான். அதை நான் அவளிடம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று. வெளியூரில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் மாப்பிள்ளை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரிய வேலை போலிருக்கிறது. அவள் தேடவும் இல்லை, அழவும் இல்லை. போகும்போது கதவை ஒழுங்காகச் சாத்தாமல் போனார் என்று ஒரே ஒரு தடவை குறைப்பட்டாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது, அதில் இருந்துகொண்டாள். அடுத்த மாதமே பெஞ்சுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சும் டெஸ்க்கும் செய்து அனுப்புகிற பட்டறை அது. தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு முனையில் மரம் அறுப்பார்கள், நடுவில் இணைப்பார்கள், மறுமுனையில் அட்டையும் சாக்கும் சுற்றிப் பொதி கட்டுவார்கள். முதல் நாலு வருஷம் அவள் உப்புத்தாள் போட்டு மரம் தேய்த்தாள். வீட்டுக்கு வந்தால் தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் மரத்தூள். சோறு போடும்போது நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் போடுவேன். அப்புறம் சோதனை மேசையில் இருந்த பெரியவர் ஓய்வு பெற்றுப் போக, அந்த இடத்தில் இவளை உட்கார வைத்தார்கள். தேய்க்கிறபோதே எது கோணல் என்று சொல்லிச் சொல்லி எல்லார் உயிரையும் வாங்கியவள், சம்பளத்துக்கே வாங்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

சோதனை மேசையில் வேலை இதுதான். பெஞ்சைக் கவிழ்த்து வைப்பார்கள், நாலு காலும் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். பலகையும் காலும் சேருகிற மூலையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். மூலைமட்டம் என்பது ஒரு தடித்த மரக்கட்டையும் ஒரு இரும்புத் தகடும் ஆணியால் சேர்ந்தது. 'ட' எழுத்து மாதிரி இருக்கும் என்கிறார்கள். எனக்கு எழுத்தைச் சொன்னால் புரியாது, முழங்கையை மடக்கி நீட்டின மாதிரி என்று நான் சொல்வேன். தகடும் காலும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் சாக்பீஸால் ஒரு புள்ளி. ஒட்டாவிட்டால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பெருக்கல் குறி. புள்ளி வைத்தது பொதி கட்டப் போகும், பெருக்கல் போட்டது திரும்பி இணைப்பு மேசைக்குப் போகும். அவள் போட்ட பெருக்கல் அதிகம் என்பதால் பட்டறையில் அவளுக்குப் பெருக்கல் அக்கா என்றே பெயர். அவளைவிட வயதில் மூத்த மேஸ்திரியும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

அவளுக்கு ஒரு பழக்கம். பார்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வாள். பிறந்ததிலிருந்தே அந்தக் கண்ணில் பார்வை மங்கல். எங்கள் எல்லாருக்கும் தெரியும், அதை ஒரு சேதியாக யாரும் நினைத்ததில்லை. மட்டத்தை வைப்பதற்கு முன்னாலேயே அவள் கண் சொல்லிவிடும். மட்டம் அதற்குச் சாட்சி. சாட்சி மாறியதே கிடையாது. "மட்டம் பொய் சொல்லாது அண்ணி" என்று அவள் சொல்லாத நாள் குறைவு. நான் சொன்னதை அவள் அப்படி நம்பியதே இல்லை.

இனி அந்தத் திங்கட்கிழமை.

பட்டறையில் பதினோரு மூலைமட்டங்கள் உண்டு. கைக்குக் கை மாறும், கீழே விழும், தேயும். அதனால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை பதினொன்றையும் மேனேஜர் அறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வெல்வெட்டு வைத்த பெட்டியில் ஒரு மட்டம் தூங்கிக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தது, பித்தளைப் பூண் போட்டது, 'இது சரியானது' என்று கையெழுத்துப் போட்ட சான்றிதழோடு வந்தது. தாய் மட்டம் என்று பெயர். பிள்ளைகளைத் தாயோடு ஒட்ட வைத்துப் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்று ஒட்டாது, அதை அரத்தால் ராவிச் சரி செய்வார்கள். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு.

அந்தத் திங்கட்கிழமை பதினொன்றும் ஒட்டவில்லை.

உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றும்? பதினோரு பேர் ஒரு பக்கம், ஒருத்தர் ஒரு பக்கம் என்றால் அந்த ஒருத்தரைக் கொஞ்சம் விசாரிக்கத் தோன்றும். மேனேஜருக்கு அப்படித் தோன்றவில்லை. பதினோரு பேருக்கும் பொறுப்பில்லை என்று தோன்றியது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சட்டை மடிப்புக் கலையாதவர். மனுஷர் சொன்னால் கேட்க மாட்டார், காகிதம் சொன்னால் எழுந்து நின்று கேட்பார். பதினொன்றையும் ராவித் தாயோடு ஒட்ட வைக்கச் சொன்னார். மேஸ்திரி ராவினார். அவருக்கும் தோன்றவில்லை. என் நாத்தனாரும் பக்கத்தில் நின்றாள், அவளுக்குமே தோன்றவில்லை. இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் அவளுக்கு எல்லாப் பெஞ்சும் கால் அகட்டி நிற்பதாகத் தெரிந்தது. மட்டத்தை வைத்தால் இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறது, மட்டத்தை எடுத்தால் கண் இல்லை என்கிறது. கண்ணை நம்பிப் பெருக்கல் போட்டாள். ஒரு வாரத்தில் முப்பது பெருக்கல். மேஸ்திரி வந்து தன் மட்டத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டியது. இன்னொருத்தர் மட்டமும் ஒட்டியது. அக்காவுக்கு வயசாகுது என்று இணைப்பு மேசையில் பேச்சு கிளம்பியது. பெருக்கல் அக்கா இனிமேல் வகுத்தல்தான் என்று ஒருத்தன் சொன்னானாம். அதற்கு நாலு பேர் சிரித்தார்களாம்.

மேனேஜர் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான்தான் துணைக்குப் போனேன். சுவரில் எழுத்துத் தட்டி மாட்டியிருந்தது, பெரிதிலிருந்து சின்னதாக எழுத்துக்கள் இறங்கும். டாக்டர் அம்மா, முதல் வரியில் என்ன தெரிகிறது என்று கேட்டார். தட்டி வலப்பக்கம் தாழ்ந்திருப்பது தெரிகிறது என்றாள் இவள். டாக்டர் அம்மா எழுந்துபோய்ப் பார்த்து, ஆணியைச் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வலது கண்ணில் கடைசி வரி வரை சொன்னாள். இடது கண்ணில் தட்டியே தெரியவில்லை. டாக்டர் அம்மா தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் அதில் ஒரு வரியை மட்டும் படித்தார். இடது கண், நார்மல் இல்லை. வரும் திங்கள் முதல் பொதி கட்டும் பிரிவில் உட்காருங்கள் அம்மா, சம்பளம் குறையாது, சோதனை மேசைக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் வந்து, அந்தக் காகிதத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும். அவள் வலது கண்ணை மூடினாள், திறந்தாள், இடது கண்ணை மூடினாள், திறந்தாள். சுவரின் மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேலை போனால் போகட்டும், இன்னொரு வேலை. தன் கண்ணையே நம்ப முடியாவிட்டால் அவள் எந்த முகத்தோடு இருப்பாள்? அவளிடம் வேறு என்ன இருந்தது, மாடியில் ஒரு அறை, அதிலும் ஜன்னல் கோணல்.

நான் கோபத்தில், நார்மல் நார்மல் என்கிறார்களே, அப்படி என்றால்தான் என்ன என்று கேட்டேன். அந்தச் சொல் எங்கள் வீட்டில் புழங்குகிற சொல்தான். கடையில் தண்ணீர் கேட்டால் கூலிங்கா நார்மலா என்பான், அங்கே நார்மல் என்றால் சில்லிடாதது. என் ரத்த அழுத்தத்தை அளக்கிற நர்ஸ் நார்மல் என்றால் அன்றைக்கு ஊறுகாய் உண்டு. துணி துவைக்கிற மிஷினில் நார்மல் என்று ஒரு பொத்தான், அதை அழுத்தினால் ஒரு மணி நேரம். எதிர்வீட்டுக்காரருக்குப் பெண்டாட்டியோடு சண்டை வந்து ஒரு வாரம் கழித்து, இப்ப நார்மலாயிட்டோம் என்றார். மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை, மறுபடி பேசாமல் இருக்க ஆரம்பித்திருந்தார்கள். இவ்வளவு இடத்தில் சுற்றுகிற சொல்லுக்குச் சொந்த வீடு எது என்று தெரிய வேண்டாமா?

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் காலேஜ் லைப்ரரிக்குப் புத்தகம் கட்டுகிறவர். கிழிந்ததைத் தைப்பார், முதுகு போனதற்கு முதுகு ஒட்டுவார். ஒட்டுவதற்கு முன்னால் படிப்பார். இங்கிலீஷ் அவருக்கு அப்படித்தான் வந்தது, கிழிந்த பக்கங்கள் வழியாக. அதனால் அவர் அறிவில் நடுநடுவே பக்கம் இருக்காது. எந்தக் கதைக்கும் அவருக்கு நடுப்பகுதி தெரியும், முடிவு தெரியாது. முடிவுப் பக்கம் கிழியும் அளவுக்கு யாரும் அதுவரை படிப்பதில்லையாம்.

அந்த வாரம் அவர் கையில் இருந்தது ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதி. பல பாகம் கொண்டது, அதில் ஒரு பாகத்துக்கு முதுகு உடைந்து கட்டுக் கட்டாகப் பிரிந்திருந்தது. தங்கச்சியின் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்தார். இந்த எழுத்து என்னிடம்தான் இருக்கிறது என்று பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டுக்களைப் புரட்டினார். விரலில் பசை, பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு பக்கத்தில் நின்றார். படித்தார். தலையைத் தூக்கித் தங்கச்சியைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். லத்தீன் என்று ஒரு பழைய பாஷை. இப்போது அதை வீட்டில் பேசிச் சண்டை போடுவார் யாரும் இல்லை. அதில் நார்மா என்று ஒரு சொல். நார்மா என்றால் தச்சர் கையில் வைத்திருக்கிற மூலைமட்டம்.

நான் நம்பவில்லை. தங்கச்சியைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறீர்களா என்றேன். புத்தகம் கட்டுவது மட்டும்தான் தன் வேலை என்று பக்கத்தை என்னிடம் நீட்டினார். நீட்டி என்ன, எனக்கு அது எறும்பு வரிசை. இருந்தாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மட்டத்தைக் குறிக்கிற அந்தச் சொல்லிலிருந்து, மட்டத்துக்குச் சரியாக நிற்பது என்று ஒரு சொல் பிறந்ததாம். அதை இங்கிலீஷ்காரர்கள் வாங்கிக்கொண்டபோது, நெட்டுக்குத்தாக நிற்கிற கோட்டுக்குத்தான் நார்மல் என்று சொன்னார்களாம். கணக்கு வாத்தியார்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்களாம். பிறகு அது விதிப்படி இருப்பது என்று ஆயிற்று. வாத்தியார்களுக்கே பாடம் நடத்துகிற பள்ளிக்கு நார்மல் ஸ்கூல் என்று பெயர் வைத்தார்கள். ஊரில் எல்லாரையும் போல இருப்பது என்ற அர்த்தம் கடைசியாகத்தான் வந்து ஒட்டிக்கொண்டதாம், அது புழக்கத்துக்கு வந்தே இருநூறு வருஷம் இருக்குமாம். அதற்கு முன்னால் மனுஷரைப் பார்த்து நீ நார்மலா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கோட்டையும் கட்டையையும்தான் கேட்டார்கள். ரொம்பப் பெரியது என்பதற்கு இங்கிலீஷில் எனார்மஸ் என்கிறார்களே, அதுவும் இதே வயிற்றில் பிறந்ததுதானாம். மட்டத்தைத் தாண்டி வெளியே போனது என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணே, என் கண்ணை எதோட வச்சுப் பார்த்தாங்க?"

"மத்தவங்க கண்ணோட."

"பெஞ்சை?"

"மட்டத்தோட."

"மட்டத்தை?"

"தாய் மட்டத்தோட."

"தாய் மட்டத்தை?"

அவர் மறுபடி பக்கத்தைப் புரட்டினார். அது அகராதியில் இல்லை.

அவள் எழுந்தாள். சோறு போடுங்க அண்ணி என்றாள். மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடாதவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மட்டத்தைச் சோதிக்க மட்டத்தைவிடப் பெரிய மட்டம் ஒன்று வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம், அதையே திருப்பிப் போட்டால் போதும் என்றாள்.

அது எப்படி என்று சாப்பாட்டுத் தட்டை வைத்தே காட்டினாள். மரவேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாம். புது மட்டம் வாங்கினால் முதல் நாள் செய்வார்கள். நேரான ஒரு விளிம்பில் மட்டத்தின் கட்டையை ஒட்டி வைத்து, தகட்டை ஒட்டி ஒரு கோடு போட வேண்டும். பிறகு மட்டத்தைக் குப்புறத் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மட்டம் சரியாக இருந்தால் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். கோணலாக இருந்தால் ஒன்று இந்தப் பக்கம் சாயும், மற்றது அந்தப் பக்கம் சாயும், இருக்கிற குற்றம் இரண்டு மடங்காகத் தெரியும். வேறு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, தன் வாயாலேயே சொல்லிவிடும். தாய் மட்டத்துக்கு இதை யாரும் செய்ததில்லை. அது சான்றிதழோடு வந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் சொன்ன இடத்தில்தான் அவள் போய் உட்கார்ந்தாள். பொதி கட்டும் பிரிவு. இதற்குமேல் நான் கண்ணால் பார்க்கவில்லை. அவள் சொன்னது, மேஸ்திரி சொன்னது இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டும் ஒட்டாத இடத்தில் அவள் சொன்னதை வைத்துக்கொண்டேன்.

அட்டைப்பெட்டியின் மூடி ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, மேஸ்திரியின் மட்டத்தை ஒரு நிமிஷம் கேட்டாள். கோடு போட்டாள், திருப்பினாள், இன்னொரு கோடு போட்டாள். கீழே ஒன்றாகக் கிளம்பிய கோடுகள் மேலே போகப் போகப் பிரிந்து, முனையில் ஒரு நூல் இடைவெளி. நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, தச்சர் கணக்கு. மேஸ்திரி தன் மட்டம் கெட்டுப்போய்விட்டது என்று வருத்தப்பட்டார். இன்னொன்றைக் கொண்டுவரச் சொன்னாள். அதிலும் ஒரு நூல். பதினொன்றையும் திருப்பினாள். பதினொன்றிலும் அதே ஒரு நூல்.

மேஸ்திரி கோடுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "பதினொண்ணும் ஒரே மாதிரி இருக்குதே அக்கா, அப்ப சரின்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

அவள் அட்டை மூடியை அவர் கையில் கொடுத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

மேனேஜர் முதலில் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்றார். முதல் திங்கட்கிழமைதான் திறப்பது வழக்கமாம்.

"இதுக்கு சர்டிபிகேட் இருக்கும்மா."

"என் கண்ணுக்கும் இருக்கு சார்."

மேஜையில் வேறு காகிதம் இல்லாததால், அந்தக் கண் சர்டிபிகேட்டைத்தான் அவள் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடி போட்ட மேஜை, விளிம்பு நேர். காகிதத்தை விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் தொட மாட்டேன், நீங்களே கோடு போடுங்கள் என்றாள். பெட்டியை எடுத்தபோது அதன் ஒரு மூலை நசுங்கியிருந்ததை மேஸ்திரி பார்த்தார். எப்போது விழுந்தது, யார் தள்ளினார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அலமாரி உச்சியில் வைத்திருந்தார்கள், கீழே சிமெண்டுத் தரை. நான் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை, எனக்குத் தெரியாது.

மேனேஜர் கோடு போட்டார். திருப்பினார். போட்டார். ஒரு நூல். பென்சில் மழுங்கியிருக்கிறது என்று சீவிக்கொண்டு மறுபடி போட்டார். ஒரு நூல். வேறு பென்சில். ஒரு நூல். காகிதத்தின் பின்பக்கம் முழுக்க விசிறி விசிறியாகக் கோடு. ஏழாவது தடவை பென்சிலை வைத்துவிட்டு, மனசு கேட்காமல், "ஆனா உங்க இடது கண்ணு உண்மையிலேயே நார்மல் இல்லையேம்மா" என்றார்.

"அந்தக் கண்ணை நான் வேலைக்கே கூட்டிட்டு வர்றதில்லை சார்."

மேனேஜர் சான்றிதழைத் தேடினார். கிடைத்தது. தாய் மட்டம் சரியானது என்று அதில் போட்டிருந்தது. தேதியைப் பார்த்தார்கள், பதினேழு வருஷம் ஆகியிருந்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நானும்தான் சரியாக இருந்தேன்.

சரி, நாளையிலிருந்து சோதனை மேசையில் உட்காருங்கள் என்றார். கதை இங்கேயே முடிந்திருக்கும், வேறு யாராவதாக இருந்தால். அவள் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு காரியம் ஆக வேண்டும் என்றாள்.

முதல் காரியம், தாய் மட்டம். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பொய் சொல்கிற மட்டத்தைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது, ஆணியைத் தட்டிக் கட்டையையும் தகட்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். பிரித்துவிட்டால் இரண்டும் நேரானதுதான், யாரையும் கெடுக்காது. சேர்ந்த இடத்தில்தான் குற்றம். மேனேஜர் பதறிப்போனார். வெளிநாட்டுச் சாமான், திருப்பி அனுப்பிச் சரி செய்யலாம், அதுவரை பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்றார். பூட்டியிருந்தால் எப்போதாவது யாராவது திறந்து நம்பிவிடுவார்கள் என்றாள் இவள்.

இரண்டாவது காரியத்தைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது என்று மேஸ்திரி சொன்னார். முப்பது பெருக்கல் போட்டு, எல்லாரும் சிரித்து, கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு, கடைசி இரண்டு நாள் அவள் கண்ணைக் கேட்காமல் மட்டத்தைக் கேட்டிருக்கிறாள். கண் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்லப் புள்ளி வைத்திருக்கிறாள். பதினாலு பெஞ்சு. அவை ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன.

"பதினாலையும் திரும்பக் கொண்டாங்க சார். அந்தப் புள்ளி நான் வச்சது இல்லை, பயம் வச்சது."

இதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. அந்த மூன்று நாள் சோறு இறங்காததற்குக் காரணம் காகிதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் முடியாது என்றார். அவளும் திரும்பிப்போய்ப் பொதி கட்டினாள். நன்றாகவே கட்டினாளாம். நாலு நாள் அப்படிப் போயிற்று. சோதனை மேசையில் உட்கார்ந்து புள்ளி வைக்க ஒருத்தரும் வரவில்லை. கோணல் மட்டத்தை வைத்துக்கொண்டு யார் வைப்பார்கள். மேஸ்திரியைக் கேட்டார்கள், அவர் தனக்கு முதுகுவலி என்றார். கவிழ்த்த பெஞ்சுகள் காலைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்க நின்றன. நடக்க வழியில்லை. வெள்ளிக்கிழமை மேனேஜர் வெல்வெட்டுப் பெட்டியோடு அவரே வந்தார். ஒரு சுத்தியலும் உளியும் கேட்டார். மேஸ்திரி தட்டுகிறேன் என்றார், அவள் விடவில்லை. மேனேஜரே தட்ட வேண்டும், அப்போதுதான் அடுத்த முறை ஞாபகம் இருக்கும் என்றாள். இரண்டு தடவை கட்டைவிரலில் தட்டிக்கொண்டார். மூன்றாவது தட்டில் ஆணி கழன்று, கட்டை ஒரு பக்கமும் தகடு ஒரு பக்கமுமாக விழுந்தன. பதினோரு மட்டங்களையும் அன்று சாயங்காலத்துக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து ராவினார்கள்.

லாரி போயிற்று. பதிமூன்று பெஞ்சுதான் திரும்பி வந்தது. ஒன்றைப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் தர மறுத்துவிட்டாராம். தன் அறைக்கு வெளியே வருகிறவர்கள் உட்காரப் போட்டிருக்கிறார், ஆடவில்லை, அசையவில்லை, நார்மலாக இருக்கிறது, எதற்குத் தர வேண்டும் என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

சனிக்கிழமை அவள் அந்த லாரியிலேயே ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நானும் போனேன். இங்கே மறுபடி என் கண்ணால் பார்த்தது. ஹெட்மாஸ்டர் வெளியே வந்து பெஞ்சின்மேல் கையால் தட்டிக் காட்டினார்.

"நல்லாத்தானே நிக்குது?"

"நிக்கும் சார். இன்னும் ஒரு வருஷம் நிக்கும். அப்புறம் பிள்ளைங்க உட்கார்ந்திருக்கும்போது மூட்டு விட்டுரும்."

ஹெட்மாஸ்டர் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருகிறவர்களுக்கு உட்கார இடமில்லை. ஒரு பிள்ளையின் அப்பா வந்தார், நின்றார். இன்னொரு பிள்ளையின் அம்மா வந்தாள், நின்றாள். பியூன் வந்து, எழுந்திருங்கள் அம்மா என்றார். இது கோணல் பெஞ்சு, நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றேன் நான். அப்படி ஒரு பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மத்தியான மணி அடிக்கும்போது ஹெட்மாஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒன்பது பேர். எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

லாரியில் முன்பக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் இடமில்லை, டிரைவரோடு ஒருத்தர்தான் உட்காரலாம். என்னை முன்னால் ஏற்றினாள். அவள் பின்னால் ஏறி, அந்தப் பெஞ்சைக் கவிழ்த்து, பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, தன் புள்ளியைப் புறங்கையால் அழித்துவிட்டுப் பெரிதாக ஒரு பெருக்கல் போட்டாள். பிறகு பெஞ்சை நிமிர்த்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்தாள்.